சில்வர் ஸ்பிரிங்கின் 17 குரங்குகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வகக் குரங்குகளைப் பற்றி எங்கே விவாதம் நடந்தாலும் பேச்சு சீக்கிரமே ஒரு கேள்வியில் போய் நின்றுவிடும்: இந்த ஆராய்ச்சியால் மனிதருக்குப் பயன் உண்டா, இல்லையா? உண்டு என்பவர்களும் இல்லை என்பவர்களும் அணி பிரிந்த பிறகு கூண்டுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில், 1981இல் தொடங்கிய வழக்கை நான் இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அதுதான். அங்கே நடந்த ஆராய்ச்சியால் மனிதருக்குப் பயன் கிடைத்தது. குரங்குகள் மோசமாக வைக்கப்பட்டிருந்ததும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க இரு தரப்பும் பத்து ஆண்டுகள் மல்லுக்கட்டின. அத்தனை ஆண்டுகளும் அந்த விலங்குகளில் பெரும்பாலானவை கூண்டுக்குள்ளேயேதான் கிடந்தன.

ஆராய்ச்சி

நடத்தை ஆராய்ச்சி நிறுவனம் என்ற தனியார் ஆய்வகம் அது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள், அதாவது என்.ஐ.எச்., கொடுத்த நிதியில் இந்த ஆராய்ச்சி நடந்தது. தலைமை ஆய்வாளர் எட்வர்ட் டாப், ஓர் உளவியலாளர். அவரிடம் இருந்தவை 17 மக்காக் குரங்குகள். 16 நண்டு தின்னும் மக்காக் வகை. சாரா என்று பெயர் வைக்கப்பட்ட ஒன்று மட்டும் ரீசஸ்.

அவர் தேடிய விடை அற்பமானதல்ல. 1895இல் மாட், ஷெரிங்டன் என்ற இரண்டு பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் குரங்கின் ஒரு கையிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் உணர்வு நரம்புகளை மட்டும் வெட்டிப் பார்த்தார்கள். அசைவுக்கான நரம்புகளைத் தொடவில்லை. ஆனாலும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டது. உணர்வு இல்லாவிட்டால் இயக்கமும் இல்லை என்று நரம்பியல் வெகுகாலம் நம்பியதற்கு அந்தச் சோதனை ஒரு முக்கிய ஆதாரம். டாப் இதை ஏற்கவில்லை. நல்ல கையைக் கட்டிவைத்தால் குரங்கு உணர்வற்ற கையைப் பயன்படுத்தத் தொடங்குகிறது என்று அவர் 1960களிலேயே காட்டியிருந்தார். கையால் முடியாமல் போகவில்லை. அறுவைக்குப் பின் வந்த ஆரம்பகாலத் தோல்விகளால் 'இது வேலைக்கு ஆகாது' என்று விலங்கு பழகிவிட்டது என்பது அவர் விளக்கம். கற்றுக்கொண்ட பயன்பாடின்மை என்று அதற்குப் பெயர் வைத்தார். பக்கவாதம் வந்து ஒரு கையைக் கைவிட்டவர்களுக்கும் இது பொருந்தும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

அந்த முடிவை எட்டிய வழி கடுமையானது. நரம்பு வெட்டு, கையைக் கட்டிவைப்பது, உணவைத் தாமதப்படுத்துவது, மின்னதிர்ச்சி எல்லாம் அதில் உண்டு. சில்வர் ஸ்பிரிங்கில் இருந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கையிலோ இரண்டு கையிலோ உணர்வு போயிருந்தது. மீதி, ஒப்பீட்டுக்காக வைத்திருந்தவை.

உள்ளே வந்த தன்னார்வலர்

1981 மே மாதம் அலெக்ஸ் பசேகோ என்ற மாணவர் சம்பளம் வாங்காத உதவியாளராக அங்கே சேர்ந்தார். முந்தைய ஆண்டுதான் இங்ரிட் நியூகிர்க்குடன் சேர்ந்து பீட்டா அமைப்பைத் தொடங்கியிருந்தார். ஆய்வகத்தில் அதைச் சொல்லவில்லை.

அவர் பதிவு செய்தவை இவை. கூண்டுகள் சுமார் 18 அங்குல அகலமும் அதே ஆழமும் கொண்ட கம்பிவலைப் பெட்டிகள். படுக்க எதுவும் கிடையாது. அறுந்த கம்பி முனைகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. உணவை வைக்கப் பாத்திரம் இல்லாததால் அது வலை வழியாகக் கீழே கழிவுத் தட்டில் விழுந்தது; குரங்குகள் அதிலிருந்து பொறுக்கித் தின்றன. பில்லி என்ற குரங்குக்கு இரண்டு கைகளிலும் உணர்வு இல்லை. அது குனிந்து வாயாலேயே தரையிலிருந்து தின்றது. உணர்வற்ற கைகளைப் பல குரங்குகள் தாமே கடித்துக் குதறியிருந்தன. சிதைந்ததும் இல்லாமல் போனதுமாக 39 விரல்களை அவர் கணக்கெடுத்தார். சில காயங்களில் எப்போதோ போட்ட கட்டுகள் அழுக்கேறித் தொங்கின; பலவற்றில் கட்டே இல்லை.

பசேகோ இரவு நேரங்களில் படம் எடுத்தார். டாப் விடுமுறையில் இருந்தபோது, குரங்குகளையும் ஆய்வகங்களையும் அறிந்த சிலரை ஒவ்வொருவராக இரவில் உள்ளே அழைத்துக் காட்டினார். அவர்கள் எழுத்துமூலம் சாட்சியம் கொடுத்தார்கள். செப்டம்பர் 11 அன்று மாவட்ட போலீஸ் சோதனை நடத்தி 17 குரங்குகளையும் கைப்பற்றியது. விலங்குக் கொடுமைப் புகாரின் பேரில் அமெரிக்காவில் ஓர் ஆய்வகத்துக்குள் போலீஸ் நுழைந்தது அதுவே முதல் முறை.

டாப் தரப்பின் பதிலையும் சொல்லியாக வேண்டும். தான் ஊரில் இல்லாத நாள்களில் பராமரிப்பு ஊழியர்கள் பலமுறை வரவில்லை, படங்களில் தெரியும் அசிங்கம் வழக்கமான நிலை அல்ல, சில படங்கள் திட்டமிட்டு அமைக்கப்பட்டவை என்றார் அவர். இருக்கையில் கட்டப்பட்ட குரங்கின் புகழ்பெற்ற படத்தைக் குறித்து அந்தச் சந்தேகத்தை இறுதிவரை எழுப்பினார். உணர்வற்ற கையைக் குரங்கு கடிப்பது இந்த அறுவையின் அறியப்பட்ட பின்விளைவு என்பதும் அவர் வாதம்.

பீட்டா தரப்பிலும் கறை உண்டு. கைப்பற்றிய குரங்குகளை வைத்திருக்க இடமில்லாமல் ஓர் ஆர்வலர் வீட்டின் நிலவறையில் வைத்திருந்தார்கள். அவற்றை டாப்பிடம் திருப்பிக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டதும் குரங்குகள் ஓர் இரவில் காணாமல் போயின. புளோரிடாவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சாட்சிப் பொருள் இல்லாமல் வழக்கு நிற்காது என்று தெரிந்த பிறகு திரும்பி வந்தன. ஏற்கெனவே நொந்துபோன உயிர்களை ஆயிரம் மைலுக்கு மேல் ஏற்றி இறக்கியதைக் கருணை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு அவை டாப்பின் ஆய்வகத்துக்கே போயின. சில நாள்களில் சார்லி என்ற குரங்கு இறந்தது. அப்புறம்தான் மற்றவற்றை என்.ஐ.எச். தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

கட்டுப் போடலாமா, கூடாதா

டாப் மீது மொத்தம் 119 குற்றச்சாட்டுகள். 1981 நவம்பரில் மாவட்ட நீதிமன்றம் 113ஐத் தள்ளிவிட்டு ஆறில் அவரைக் குற்றவாளி என்றது. ஆறு குரங்குகளுக்குப் போதிய கால்நடை மருத்துவம் தரவில்லை என்பதே அந்த ஆறும். 1982இல் நடுவர் குழு முன் நடந்த மறுவிசாரணையில் ஐந்து விழுந்து, நீரோ என்ற குரங்கு தொடர்பான ஒன்று மட்டும் மிஞ்சியது. நீரோவின் கையில் தொற்று எலும்புவரை போயிருந்தது. என்.ஐ.எச். மருத்துவர்கள் அந்தக் கையை எடுக்க வேண்டியதாயிற்று.

இந்த விசாரணையில் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் காயக்கட்டு பற்றிய வாதம். உணர்வற்ற கையில் கட்டுப் போட்டால் குரங்கு அந்தக் கையையே மேலும் தாக்கும், அதனால் கட்டாமல் விடுவதே நல்லது என்று டாப் தரப்பு சொன்னது. இத்தகைய குரங்குகளோடு வேலை செய்து அனுபவப்பட்ட சிலர் அதை ஆதரித்தார்கள். மற்ற கால்நடை மருத்துவர்கள் ஏற்கவில்லை. திறந்த புண்ணை அப்படியே விடுவது எந்தக் கணக்கிலும் மருத்துவம் ஆகாது என்றார்கள்.

கட்டுப் போடாதது சரியான முடிவாகவே இருந்திருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அந்த முடிவை எடுத்தது யார்? ஒரு கால்நடை மருத்துவர் புண்ணைப் பார்த்து, இன்ன காரணத்தால் கட்டு வேண்டாம் என்று எழுதி, அடுத்த வாரம் மறுபடி வந்து பார்த்திருந்தால் அது மருத்துவ முடிவு. அங்கே தொடர்ந்து வந்து பார்க்கும் கால்நடை மருத்துவரே இல்லை. புண்ணைக் கட்ட வேண்டுமா என்பதை, அந்தக் கையை வைத்து ஆராய்ச்சி செய்கிறவரே தீர்மானித்தார். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு விலங்கு வலியில் இருக்கிறதா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு, அது வலியில் இல்லாமல் இருந்தால் யாருக்கு வசதியோ அவரிடமே இருக்கக் கூடாது. இந்த நிகழ்வு முழுவதிலும் நான் காணும் அடிப்படைக் கோளாறு இதுதான்.

விரல் கடிப்பதற்கு அறுவை மட்டுமே காரணம் என்ற வாதத்துக்கும் இதே கதிதான். மக்காக் குரங்குகள் கூட்டமாக வாழ்பவை. மகள்கள் தாயின் கூட்டத்திலேயே வளர்ந்து, கூட்டத்தில் தாய்க்கு உள்ள படிநிலையை ஒட்டித் தங்கள் இடத்தைப் பெறுகின்றன. ஒன்றின் ரோமத்தை இன்னொன்று கோதிவிடுவது அவற்றின் அன்றாட உறவு. அதை எடுத்துவிட்டுத் தனிக்கூண்டில் போட்டால் என்ன ஆகும் என்பது பிற்பாடு நன்றாகவே அளந்து பார்க்கப்பட்டது. தனிக்கூண்டில் இருந்த 362 ரீசஸ் குரங்குகளைப் பற்றி 2003இல் வெளியான ஓர் ஆய்வில் 321 குரங்குகள் ஏதாவது ஓர் இயல்பற்ற நடத்தையைக் காட்டின. இவற்றின் நரம்பை யாரும் வெட்டவில்லை. அப்படியிருந்தும் 11 சதவீதம் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டிருந்தன. சில்வர் ஸ்பிரிங்கில் கடிபட்ட விரல்களில் எத்தனை நரம்பு வெட்டால், எத்தனை தனிமையால் என்று பிரிக்கவே வழியில்லை. எல்லாமே தனிக்கூண்டில் இருந்தன. குரங்கின் நலத்தை விடுங்கள். ஆராய்ச்சியின் தரம் என்று பார்த்தாலும் இது ஓட்டைதான்.

எல்லா வாசலும் மூடியது

1983இல் மேரிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கடைசி ஒன்றையும் ரத்து செய்தது. நீரோ நன்றாகப் பராமரிக்கப்பட்டது என்று அது சொல்லவில்லை. மாநிலத்தின் விலங்குக் கொடுமைச் சட்டம், மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் நடக்கும் இத்தகைய ஆராய்ச்சிக்கு எழுதப்பட்டதல்ல என்றது.

சரி, மத்திய சட்டம் காப்பாற்றியதா? விலங்கு நலச் சட்டம் 1966இலிருந்தே இருந்தது. அதை அமல்படுத்தும் வேளாண் துறையின் ஆய்வாளர், பசேகோ உள்ளே வேலை பார்த்த அதே மாதங்களில் அந்த ஆய்வகத்துக்கு வந்தார், பார்த்தார், பெரிய குறை எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். குரங்குகளின் சார்பில் விலங்கு நல அமைப்புகள் போட்ட வழக்கை 1986இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. குரங்குகளுக்கு நேர்ந்ததற்காக வழக்காட உங்களுக்கு உரிமை இல்லை என்பது அதன் முடிவு. மாநிலச் சட்டம் இது மத்திய அரசின் விஷயம் என்றது. மத்திய அரசின் ஆய்வாளர் ஒன்றும் இல்லை என்றார். வெளியிலிருந்து கேட்க வந்தவருக்கு நீதிமன்றம் கதவைத் திறக்கவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சட்டப்படி சரியாகவே தோன்றும். சேர்த்துப் பார்த்தால், 18 அங்குலக் கூண்டில் இருந்த ஒரு விலங்குக்காகக் கேள்வி கேட்க அந்த நாட்டில் யாருமே இல்லை என்று ஆகிறது.

என்.ஐ.எச். மட்டும் தன் விசாரணையில் குறைகளைக் கண்டு நிதியை நிறுத்தியது. அதற்குக் கிடைத்த எதிர்வினையும் கவனிக்கத்தக்கது. நரம்பியல், உடலியல் சங்கங்கள் டாப்பின் பக்கம் நின்றன. விலங்கு ஆராய்ச்சியை ஒழிக்க நினைப்பவர்களிடம் ஒரு விஞ்ஞானியை விட்டுக்கொடுத்தால் நாளை எல்லோருக்கும் இதே கதி என்ற பயம் அவர்களுக்கு. பயம் நியாயமானதே. அதற்காகக் கழிவுத் தட்டில் விழுந்த உணவையும் சேர்த்துத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சியை ஆதரித்துக்கொண்டே இந்தப் பராமரிப்பு எங்களுக்கு வெட்கக்கேடு என்று அன்றைக்கு உரக்கச் சொல்லியிருந்தால், பிறகு அத்துறை இழந்த மக்கள் நம்பிக்கையில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

பில்லி

குரங்குகளை டெக்சாஸில் உள்ள ஒரு சரணாலயம் ஏற்றுக்கொள்ள முன்வந்தது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் 200 பேருக்கு மேல் அதை வலியுறுத்திக் கையெழுத்திட்டார்கள். என்.ஐ.எச். மறுத்தது. 1986இல் குரங்குகள் லூசியானாவில், துலேன் பல்கலைக்கழகத்தின் குரங்கு ஆய்வு மையத்துக்கு மாற்றப்பட்டன. இனி இவற்றின் உடலில் ஆராய்ச்சி அறுவை எதுவும் நடக்காது என்று அப்போது உறுதி கூறப்பட்டது. 1987இல் அறுவைக்கு உள்ளாகாத ஐந்து மட்டும் சான் டியேகோ விலங்குக் காட்சியகத்துக்குப் போயின.

மற்றவற்றின் உடல்நிலை தேய்ந்தது. சிலவற்றைக் கருணைக்கொலை செய்துவிடலாம் என்று என்.ஐ.எச். மருத்துவர்கள் சொன்னார்கள். பீட்டாவும் மற்ற அமைப்புகளும் 1988 இறுதியில் லூசியானா நீதிமன்றத்தில் தடை வாங்கின. தடை நீடித்த காலம் முழுக்கப் பில்லியின் நிலை சரிந்துகொண்டே போனது. உயிரோடு வைக்கப் போராடுபவர்கள், சாகவிடலாம் என்பவர்கள் என்று இரு தரப்பும் பில்லியின் பெயரைச் சொல்லியே வாதாடின. இந்த இடத்தில் பீட்டா செய்தது சரியென்று என்னால் ஏற்க முடியவில்லை. மீள வழியில்லாத வலியில் இருக்கும் விலங்கை வழக்குக்காக உயிரோடு வைத்திருப்பதும் அதைக் கருவியாக்குவதுதான். அதே சமயம் சரணாலயத்தைத் தொடக்கத்திலேயே மறுத்த என்.ஐ.எச்., ஆண்டுகள் கழித்துக் கருணையைப் பற்றிப் பேசியதும் எனக்குச் செரிக்கவில்லை.

1990 ஜனவரியில் பில்லியின் முறை வந்தது. எப்படியும் சாகப்போகிற விலங்கு என்பதால், முழு மயக்கத்தில் மண்டையோட்டைத் திறந்து மூளையின் செயல்பாட்டை அளந்த பிறகு விழிக்கவிடாமலே உயிரை முடித்தார்கள். மற்றக் குரங்குகளிலும் இது தொடர்ந்தது. கடைசி இரண்டான டைட்டஸும் ஆலனும் 1991 ஏப்ரலில் கொல்லப்பட்டன. மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், லூசியானாவில் தொடுத்த அந்தத் தடை வழக்கை என்.ஐ.எச். மத்திய நீதிமன்றத்துக்கு இழுத்தது தவறு, மாநில நீதிமன்றமே கேட்க வேண்டும் என்று அமைப்புகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதற்குள் காப்பாற்ற ஒரு குரங்கும் லூசியானாவில் மிச்சமில்லை.

ஜூன் மாதம் சயின்ஸ் இதழில் முடிவுகள் வந்தன. வளர்ந்த குரங்கின் மூளை ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தன்னை மாற்றியமைக்காது என்று அதுவரை கருதியிருந்தார்கள். இந்தக் குரங்குகளில் கைக்கான பகுதி முழுவதையும் முகத்துக்கான பகுதி எடுத்துக்கொண்டிருந்தது. மாற்றம் 10 முதல் 14 மில்லிமீட்டர் வரை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் பணியாற்றிய வி.எஸ். ராமச்சந்திரன் இதைப் படித்துவிட்டு, கை இழந்த மனிதர்களின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். இல்லாத விரல்களில் தொடுதல் தெரிவதாக அவர்கள் சொன்னார்கள். டாப் அலபாமா பல்கலைக்கழகத்துக்குப் போய், நல்ல கையைக் கட்டிவைத்துப் பழுதான கையைப் பழக்கும் சிகிச்சையை வளர்த்தார். பக்கவாதத்திலிருந்து மீளும் 222 பேரிடம் நடந்த பெரிய சோதனை, அது பலன் தருகிறது என்று 2006இல் காட்டியது. இன்று பல நாடுகளில் அந்தச் சிகிச்சை நடைமுறையில் இருக்கிறது.

இந்தப் பயனைக் குறைத்துப் பேச எனக்கு மனம் இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு ஒருவர் தன் கையால் குவளையைப் பிடிப்பது சாதாரண விஷயமா? ஆனால் அறிவியல் ரீதியாக ஒன்றைக் கேட்கலாம். இந்தக் கண்டுபிடிப்புக்குத் தேவைப்பட்டது எது? நரம்பு வெட்டு தேவைப்பட்டது. ஆண்டுகள் கழிவதும் தேவைப்பட்டது. கழிவுத் தட்டில் விழுந்த உணவும், கவனிக்காத புண்ணும், அறுந்த கம்பியும் எந்தக் கட்டுரையின் எந்த வரிக்கும் தேவைப்படவில்லை. பயன் எவ்வளவு பெரிதானாலும் அந்தக் கணக்கில் இவற்றைக் கழிக்க முடியாது. நரம்பு வெட்டை நியாயப்படுத்தலாமா என்று நாம் நாள்கணக்கில் விவாதிக்கலாம். நேர்மையானவர்கள் இரு பக்கமும் இருப்பார்கள். பராமரிப்பு விஷயத்தில் விவாதத்துக்கு இடமே இல்லை.

என்ன மாறியது

இந்த வழக்கு கிளப்பிய கோபம் 1985 டிசம்பரில் விலங்கு நலச் சட்டத்தின் திருத்தத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அதன்படி ஒவ்வொரு ஆய்வகமும் குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு அமைக்க வேண்டும். அதில் ஒருவர் கால்நடை மருத்துவர், ஒருவர் அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாதவர். சில்வர் ஸ்பிரிங்கில் இருந்த ஓட்டையை நேராக அடைக்கப் பார்த்த ஏற்பாடு இது. குரங்குகளின் உளநலத்தைக் காக்கும் சூழல் வேண்டும் என்றும் சட்டத்தில் முதல் முறையாக எழுதினார்கள். ஒரு விலங்குக்கு மனம் சார்ந்த தேவை உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்டதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஆனால் விதிகளாக இறங்கியபோது அது மெலிந்தது. 1991இல் வந்த விதிகளின்படி 3 முதல் 10 கிலோ எடையுள்ள குரங்குக்குக் குறைந்தபட்சம் 4.3 சதுர அடித் தரை, 30 அங்குல உயரம். சில்வர் ஸ்பிரிங் கூண்டு 2.25 சதுர அடி. பத்து ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. உளநலத்துக்கான திட்டத்தை அந்தந்த ஆய்வகமே எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆய்வாளர் கேட்டால் காட்டினால் போதும். ஆராய்ச்சியின் வடிவமைப்பிலோ நடத்தும் முறையிலோ அரசு விதி போட முடியாது என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஜோடியாக வைப்பதும் ரோமம் கோத வழிசெய்வதும் இன்று பல ஆய்வகங்களில் நடக்கின்றன என்றால் அதற்கு விதியைவிட, அங்கே வேலை பார்க்கும் பராமரிப்பாளர்களும் மருத்துவர்களும் பிடிவாதமாக நின்றதே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஆராய்ச்சி முடிந்த குரங்கு எங்கே போவது என்ற கேள்விக்கு மட்டும் பாதி விடைதான் வந்திருக்கிறது. சிம்பன்சிகளுக்கு 2000இல் தனிச் சட்டம் வந்தது. லூசியானாவிலேயே அவற்றுக்கான தேசிய சரணாலயமும் அமைந்தது; 2015இல் என்.ஐ.எச். சிம்பன்சிகளில் நிதியளிக்கும் மருத்துவ ஆராய்ச்சியை முடித்துக்கொண்டது. மக்காக் குரங்குகளுக்கு அப்படிக் கட்டாயப்படுத்தும் மத்திய சட்டம் இல்லை. சில ஆய்வகங்கள் தாமாகவே முன்வந்து சரணாலயங்களுக்கு அனுப்புகின்றன. செலவை யார் ஏற்பது என்பதில் பெரும்பாலும் பேச்சு நின்றுபோகிறது. ஆராய்ச்சிக்கு நிதி கேட்கும் விண்ணப்பத்தில் கருவிக்கும் சம்பளத்துக்கும் ஒதுக்குவது போலக் குரங்கின் மீதி ஆயுளுக்கும் ஒரு தொகையை முதல் நாளே ஒதுக்கச் சொன்னால் இது தீரும். நிதி தருகிற அமைப்பு தன் விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும், அதற்கு நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை.